எண்ணெயில் உப்பு

படாளம்
10-9-1976

அன்புத் தம்பி ராஜேந்திரனுக்கு,

அக்கா வச்சலா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நானும் உன் மச்சானும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். அங்கே ஜபல்பூரில் மழை விட்டதா? போன கடிதத்தில் இருமல் என்று எழுதியிருந்தாய். சுக்கு வாங்கிக் கொதிக்க வைத்துக் குடி. வடக்கே சுக்கு கிடைக்காது என்று சாக்குச் சொல்லாதே.

திருவேங்கடம் மாமா உனக்குக் கடிதம் போட்டிருப்பார், இல்லாவிட்டால் போடப் போகிறார். தை மாதத்தில் முகூர்த்தம் பார்க்கலாமா என்று கேட்பார். தன் மகள் சாந்தா உனக்காகவே பிறந்தவள் என்பார். பதில் எழுதும் முன் இதை முழுக்கப் படி. அவர் நம் அம்மாவின் கூடப்பிறந்தவர் என்கிற மரியாதையை நான் மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டு மாதக்கணக்காகிறது.

டிராக்டர் சங்கதி உனக்குப் பாதிதான் தெரியும். மானம் போன கதையைக் கடிதத்தில் எழுத வேண்டாம் என்று உன் மச்சான் தடுத்துவிட்டார். பங்குனியில் உழவு மாடு இரண்டையும் விற்றுவிட்டு மாமாவின் பழைய சின்ன டிராக்டரை வாங்கினோம் அல்லவா? விடிந்தும் விடியாமலும் கூப்பிட்டு ஓட்டிக் காட்டினார். லிவரைத் தொட்டதும் பின்னால் இருந்த கலப்பை சல்லென்று எழுந்தது. "பூ மாரி தூக்குது பாரு" என்றார். நாங்களும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம்.

சித்திரை முதல் நாள், வருஷத்தின் முதல் உழவுக்கு நல்லேர் பூட்டினோம். வண்டிக்குப் பொட்டு வைத்து, மாலை போட்டு, கோயிலைச் சுற்றித் தெருவெல்லாம் ஓட்டிவிட்டுக் கழனிக்குக் கொண்டுபோனார் உன் மச்சான். அதற்குள் வண்டி நன்றாகச் சூடாகிவிட்டது. முதல் சால் முடிந்து வரப்போரம் வந்து லிவரை இழுக்கிறார், இழுக்கிறார், கலப்பை மண்ணை விட்டு வரவில்லை. நல்லேர் பாதியில் நிற்கக்கூடாது என்று ஆறு பேர் சேர்ந்து கையால் தூக்கித் திருப்பினார்கள். மாமா வரப்பில் நின்றுகொண்டு, "மாடு ஓட்றவன் கையில மிசின குடுத்தா வேற இன்னா ஆவும்? என் வூட்ல இருந்த வரிக்கும் நல்லாத்தான் இருந்துது" என்றார். ஊரே சிரித்தது. அன்றிலிருந்து உன் மச்சான் டீக்கடைப் பக்கம் போகவில்லை. என்னிடமும் ஒரு வார்த்தை குறைப்பட்டுக்கொள்ளவில்லை. அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வயிறு எரிந்திருக்காது.

பிறகுதான், தினமும் வண்டிகளோடு மல்லுக்கட்டுகிறவன் நீ ஆயிற்றே என்று, வண்டியில் என்ன கோளாறு என உன்னைக் கேட்டு எழுதினேன். நீ எழுதிய வரிசைப்படியே பார்த்தோம், நான் படிக்க அவர் செய்ய. கலப்பையைத் தூக்குகிற பகுதியில் எண்ணெய் அளவு சரியாக இருந்தது, ஆனால் பாகு மாதிரிக் கெட்டி. கலப்பையைத் தூக்கிவிட்டு எஞ்சினை நிறுத்தச் சொன்னாயே, வண்டி குளிர்ந்திருந்தபோது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. சூடான பிறகு நிறுத்தினால் தொப்பென்று விழுந்தது. உள்ளே சீல் போயிருக்கிறது, கசிவை மறைக்க யாரோ கெட்டி எண்ணெய் ஊற்றியிருக்கிறார்கள், சூட்டில் அது இளகினதும் குட்டு உடைகிறது என்று பதில் போட்டாய். யாரோவாம், யாரோ!

அடுத்து எண்ணெயைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து வைக்கச் சொன்னாய். மோர் நிறத்தில் இருந்தது. இரண்டு நாள் வெயிலில் வைத்ததில் அடியில் தண்ணீர் பிரிந்து நின்றது. மழைத் தண்ணீர் இறங்கியிருக்கும் என்றார் உன் மச்சான். அவருக்கு உலகத்தில் எல்லோரும் நல்லவர்கள். நான் அந்த அடித்தண்ணீரில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தேன். சிரிக்காதே. உப்புக் கரித்தது! நம் ஊர்க் கிணற்றிலும் ஏரியிலும் அப்படி ஒரு உப்பு கிடையாது. வடிகட்டியைக் கழற்றினால் சல்லடை நிறைய நைசு மணல்.

ஆடியில் செல்லியம்மனுக்குக் கூழ் வார்த்த அன்று அந்தப் பாட்டிலோடு போனேன். ஊர் கூடியிருந்த இடத்தில், வண்டி எந்தக் கடலில் குளித்துவிட்டு வந்தது என்று மாமாவைக் கேட்டேன். "கடலா? வேடந்தாங்கல தாண்டி அது போனதே கெடியாது. உனக்கு இன்னாடி தெரியும் மிசினப் பத்தி?" என்றவர், அம்மன் எதிரில் சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியமும் செய்தார். கூசாமல் பொய்ச் சத்தியம். எனக்குத் தலைக்கேறிவிட்டது. இன்னொரு சூடம் ஏற்றச் சொன்னேன். உன் வீட்டுப் பெண்ணை என் தம்பிக்கு எடுக்க என் வாயால் சம்மதம் சொல்ல மாட்டேன் என்று நானும் அணைத்தேன். மாமாவின் முகம் செத்துப்போனது. உன்னிடம் மறைப்பானேன், அந்த முகத்தைப் பார்த்ததும் கூழ் குடிக்காமலே எனக்கு வயிறு நிறைந்துவிட்டது. சாந்தாவும் பச்சைத் தாவணியில், கூழ்க் குடத்தோடு அங்கேதான் நின்றிருந்தாள். நான் அவள் பக்கம் திரும்பவில்லை.

இரண்டு நாள் கழித்து, மாமா மதுராந்தகம் போயிருந்த வேளையில் அவள் என்னைத் தேடி வந்தாள். "மகாபலிபுரம் அண்ணி. காத்தவராயன்னு ஒருத்தருக்கு மூணு மாசம் வாடகைக்கு வுட்டாரு, படகு இய்க்கறதுக்கு" என்றாள். நான் செய்த சத்தியம் தெரிந்துமா வந்து சொல்கிறாய் என்று கேட்டேன். "தெரியும். மூர்த்தி அண்ணன் தலைய குனிஞ்சிகினு போறாரு. அத்த பாத்துகினு சோறு துன்ன முடியல" என்றாள் உன் மச்சானைப் பற்றி. ஒரு வாய் தண்ணீர் குடி என்றதற்கும் நிற்கவில்லை.

மறுநாளே செங்கல்பட்டு போய் பஸ் மாறி அந்தக் காத்தவராயனைப் பிடித்தேன். "அந்த வண்டியா? பின்சக்கரம் முய்குற வரிக்கும் அலையிலதான் நிக்கும். தூக்கறது நின்னு பூட்ச்சி, அதான் திருப்பி அனுப்ச்சிட்டேன்" என்றார். திருப்பி அனுப்பியபோது மாமா கண்டபடி ஏசினாராம், அந்தக் கோபம் அவருக்கும் ஆறவில்லை. என்னோடு பஸ் ஏறி வந்தார். உன் மச்சானைக் கையைப் பிடித்து இழுத்துப்போய் டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்தேன். மாமாவும் இருந்தார். காத்தவராயன் எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார். அன்று ஊர் யாரைப் பார்த்துச் சிரித்தது என்று நான் எழுத வேண்டியதில்லை.

வண்டியை செங்கல்பட்டு மெக்கானிக் சதாசிவம் பிரித்தார். நீ சொன்னபடியே சீல் இரண்டு துண்டாகக் கிடந்தது. டீசல் விட்டு அலசி, சீலையும் வடிகட்டியையும் மாற்றி, நீ எழுதிய எண்ணெயையே ஊற்றினோம். நன்றாகச் சூடாக்கிக் கலப்பையைத் தூக்கி நிறுத்திவிட்டு, நான் சோறு வடித்துக் குழம்பு வைத்து வந்து பார்த்தேன். விரல்கடைகூட இறங்கவில்லை. உன் மச்சான் அதற்குப் பிறகுதான் மீசையை முறுக்கினார்.

இப்போது ஊரில் இருக்கிற டிராக்டர் எல்லாவற்றுக்கும் வேலை. மாமாவின் நாற்று முற்றிக்கொண்டிருக்கிறது. வண்டி கேட்டு ஆள் அனுப்பினார். அவர் கழனிக்கு நாலு பக்கமும் உழுது கொடுத்தோம், நடுவில் அவர் துண்டு மட்டும் அப்படியே கிடக்கிறது. எனக்கு அந்தப் பக்கம் வேலையே இல்லை, ஆனாலும் தினம் ஒரு தடவை போய் மஞ்சள் பூத்த அந்த நாற்றைப் பார்த்துவிட்டு வருகிறேன். பாவம், உழுது கொடுத்துவிடலாம் என்கிறார் உன் மச்சான். இதில் மட்டும் என் பேச்சைத் தாண்டாதீர்கள் என்று சொல்லிவிட்டேன்.

சொன்னது யார் என்று மாமாவுக்குத் தெரிந்துபோயிற்று. சாந்தாவை வெளியே விடுவதில்லை. ஒரே ஒரு தடவை பம்புசெட்டில் பார்த்தேன். கன்னம் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தாள். அதிலிருந்து எனக்குச் சரியாகச் சாப்பிடப் பிடிக்கவில்லை.

உன்னை வளைத்துப் போட்டால் என் சத்தியம் ஊர்ச்சிரிப்பாகும் என்பது மாமாவின் கணக்கு. நீ பிடி கொடுக்காவிட்டால் கார்த்திகையில் சாந்தாவைப் படூரில் ஒருவனுக்கு இரண்டாம் தாரமாகக் கொடுத்துவிடுவதாகப் பேச்சு. அவனுக்கு என்னைவிட வயது அதிகம். எனவே மாமாவின் கடிதத்துக்கு நீ ஒரு வரிகூடப் பதில் போடக்கூடாது. அவர் கூப்பிட்டு நீ வந்ததாக இருக்கவே கூடாது.

சத்தியம் செய்தவள் நான். அதை மீறி எதுவும் இந்தக் கடிதத்தில் எழுதவில்லை, வேண்டுமானால் திருப்பிப் படித்துப் பார். ஆனால் சின்ன வயதிலிருந்து நீ என்றைக்கு என் பேச்சைக் கேட்டாய்? பெரியவனாகி நீயாக ஒன்று செய்தால் நான் என்ன செய்ய முடியும்? இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பேன், அவ்வளவுதான்.

ஐப்பசி பிறந்ததும் லீவு போட்டுவிட்டு வா. வருகிற நாளை யாருக்கும் எழுதாதே. வழக்கம்போல எனக்கு ஒரு புடவை எடுப்பாய் அல்லவா? எனக்குப் பச்சை ஆகாது என்று உனக்குத் தெரியும். இந்தத் தடவை நல்ல பச்சையாகப் பார்த்து எடு.

செல்லியம்மன் உன் கூடவே இருக்கட்டும்.

உன் வரவை எதிர்பார்க்கும் அக்கா,
மூ. வச்சலா