தண்ணீரில் கலந்த மருந்து

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். அம்மாவும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலை விட்டு என்னால் நகர முடியவில்லை, போனில் பேசினால் கேட்டுவிடுவாள், அதனால்தான் கடிதம்.

கோழிக் கூண்டுக் கம்பி அவள் முழங்கையில் கீறியதைச் சொன்னேன் அல்லவா, ஆறு வாரமாகியும் புண் ஆறவில்லை. மாத்திரைக்கும் கேட்கவில்லை, ஊசிக்கும் கேட்கவில்லை. சீழைப் பரிசோதித்த தாளில் பதினெட்டு மருந்து, பதினேழு பலிக்காது என்று போட்டிருந்தது. வாயில் நுழையாத பெயர்களாயிற்றே என்று டாக்டரம்மா வாசித்துக் காட்ட வந்தார், நான் முந்திக்கொண்டு கடகடவென்று வாசித்தேன். பாதி நம் கோழிக் கொட்டகை அலமாரியில் இருப்பவை. மருந்துகளுக்கும் குடும்பம் உண்டாம், கோழிக்குக் கொடுப்பது அண்ணன் என்றால் மனிதருக்குக் கொடுப்பது தம்பி, ஒருவனிடம் தப்பிக்கப் பழகிய கிருமி மற்றவனையும் மதிக்காதாம். "சீக்கு வந்த கோழிக்கு மட்டும்தானே குடுத்தீங்க?" என்று கேட்டார். சீக்கே வரக்கூடாது என்று தினமும் குடிதண்ணீரில் அரைக் கரண்டி போட்ட மகராசன் நான். தீவனக்காரர் சொன்னார், குஞ்சுகளும் நன்றாகத் தேறின, நானும் மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தேன்.

மிச்சமிருந்த அந்த ஒரு மருந்துதான் இப்போது அவளுக்குச் சொட்டுச் சொட்டாக ஏறுகிறது. சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று தினமும் ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். போன மாதம் வரை அதையும் கோழிக்குக் கலந்தேன் என்றதும் டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டார். உன் அம்மாவுக்கு எதுவும் தெரியாது, "கோழிக்கு யாருங்க தண்ணி வைக்கிறா?" என்று என்னையே கேட்கிறாள். எனக்குச் செத்துவிடலாம் போலிருக்கிறது.

என்னையும் சோதித்தார்கள். அதே கிருமி என் வயிற்றிலும் இருக்கிறது. காய்ச்சல் இல்லை, மூன்று வேளையும் சாப்பிடுகிறேன், எப்போது போகும் என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை. பிரசவத்துக்கு நீ வருவாய் என்று உன் அம்மா ஆஸ்பத்திரிக்கு வருமுன்பே அறையைக் கழுவித் திரையெல்லாம் மாற்றி வைத்திருக்கிறாள். வராதேம்மா. அவளே கூப்பிட்டாலும் வராதே. பச்சைக் குழந்தைக்குத் தொற்றினால் கொடுக்க மருந்து இருக்காது.

பிள்ளையும் நீயும் நோய்நொடி இல்லாமல் நெடுங்காலம் வாழ வேண்டும். உன் மாத்திரைகளை நாள் தவறாமல் சாப்பிடு. கிருமி காகிதத்தில் எல்லாம் வராது என்கிறார் டாக்டரம்மா, நானும் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவிவிட்டுத்தான் பேனாவைத் தொட்டேன். இருந்தாலும் படித்து முடித்ததும் கையைக் கழுவிவிடு.

இப்படிக்கு,
உன் அப்பா