சாக்குக்கு ஒரு கிலோ

9-2-2004, திங்கள்

ஏ நோட்டே, சுகமா இருக்கியா? நாலு நாளாக உன்னைத் திறக்கவில்லை, கோபித்துக்கொள்ளாதே. கமிஷன் கடையில் கொத்தமல்லி வரத்து கூடுதல், தராசடியிலேயே பொழுது போய்விட்டது. எனக்கு அறிவொளி வகுப்பில் வந்த எழுத்துதான், ஒரு பக்கம் எழுத ஒரு பொழுது ஆகும். அந்த வகுப்பும் ஆட்டுக்கிடை ஓரத்தில் நடந்தது. ஒரு கிடா வந்து என் சிலேட்டை நக்கி அழித்த கதை பெரிய கதை. அது கிடக்கட்டும்.

இன்று வெள்ளைத்தாய் மதினி பத்து மூட்டை மல்லி கொண்டுவந்தாள். நான் தராசில் ஏற்றினேன், கம்ப்யூட்டரில் தங்கப்பாண்டியன் சீட்டு அடித்தான். சீட்டைப் பார்த்துவிட்டு மதினி என்னைப் பார்த்தாள்.

“ஏன் கொழுந்தனாரே, எஞ் சாக்கு மட்டும் ரெண்டு கிலோவா கனக்குது?”

சாக்குக் கழிவு மூட்டைக்கு ஒரு கிலோ. சீட்டில் இரண்டு இருந்தது.

11-2-2004

இது மூன்றாவது தடவை. கார்த்திகையில் ஒரு தடவை, தை பிறந்ததும் ஒரு தடவை. எவ்வளவு கழிக்க வேண்டும் என்பது கம்ப்யூட்டருக்குள் செட்டிங் பைல் என்ற ஒன்றில் இருக்கிறதாம். ஒவ்வொரு தடவையும் ராமசுப்பு முதலாளி பக்கத்தில் நின்று ஒன்று என்று மாற்ற வைத்தார். அது மறுபடி இரண்டாகிவிடுகிறது.

முதலாளிக்கு எட்டயபுரத்திலும் கடை இருக்கிறது. அங்கேயும் இதே புரோகிராம், ஆனால் அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியில் ஓடுவது விண்டோஸ் இல்லை, லினக்ஸாம். எது ஓடினால் என்ன? அங்கே மாறவில்லை, இங்கே மாறுகிறது. அப்படியென்றால் இங்கே ஒரு கை இருக்கிறது. பெட்டியைத் தொடுவது ஒரே ஒரு கை.

தங்கப்பாண்டியன் புதுச் செருப்பு வேறு போட்டிருக்கிறான். இவனுக்கு இதில் என்ன கிடைக்கும்? தெரியவில்லை. தெரியாததுதான் உறுத்துகிறது.

12-2-2004

முதலாளியிடம் சொல்லிவிட்டேன்.

14-2-2004

தங்கப்பாண்டியனிடம் இனி வர வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். போகும்போது அவன் என்னிடம் வந்தான்.

“அண்ணாச்சி, அந்த பைலை நான் தொடவேயில்ல. நீங்களாவது நம்புதீங்களா?”

கோணி ஊசி கையிலேயே இருந்தது. அதைத் தேடுகிற மாதிரிக் குனிந்துகொண்டேன்.

24-2-2004

புரோகிராம் செய்துகொடுத்த சுகுணா வந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கம் தனியாகக் கம்ப்யூட்டர் வேலை செய்கிற பெண். புது சிடி போட்டுவிட்டுப் போயிற்று. சீட்டில் எழுத்து இனிப் பெரிதாக வருமாம்.

25-2-2004

ரெண்டு!

தங்கப்பாண்டியன் இங்கன இல்ல. இப்போ பெட்டியில உக்காருதது முதலாளி. அவரே செய்வாரா? ச்சீ. அப்போ யாரு?

கார்த்திகையில் மாறினதற்கு முந்தின நாளும் இந்தச் சுகுணா வந்தது. தையில் மாறின இரண்டு தடவையும் வந்தது. எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, அன்றைக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்ததே நான்தான்.

27-2-2004

சுகுணாவை வரச்சொல்லி நேராகவே கேட்டுவிட்டேன். கோபப்படும் என்று நினைத்தேன். அது பெட்டிமுன் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தது. முகம் கறுத்துப்போயிற்று.

“எங்க வீட்டு மிஷின்ல சோதிச்சுப் பாக்கதுக்கு ரெண்டுன்னு போட்டிருந்தேன் அண்ணாச்சி. புரோகிராமைக் கட்டி சிடியில ஏத்தும்போது எல்லாத்தையும் சேத்து அள்ளிருது. எஞ் செட்டிங்கும் கூடவே வந்து உங்களுது மேல உக்காந்துட்டு.”

எட்டயபுரத்தில் ஏன் மாறவில்லை என்று விடாமல் கேட்டேன். அங்கே செட்டிங் பைல், உட்கார்ந்து வேலை பார்க்கிறவர் பெயரில் உள்ள தனி இடத்தில் இருக்கிறதாம். சிடி அந்தப் பக்கம் போகாது. இங்கே புரோகிராமும் செட்டிங்கும் ஒரே இடத்தில் கிடக்கின்றன.

அப்போது எனக்கு எட்டயபுரத்து மாட்டுச் சந்தை ஞாபகம் வந்தது. மாட்டை விற்றால் கயிற்றை அவிழ்த்துக்கொள்வோம், வாங்குகிறவன் தன் கயிற்றைக் கொண்டுவந்து கட்டுவான். எங்கள் அய்யா ஒரு வருஷம் மறந்து கயிற்றோடு கொடுத்துவிட்டார். மறுநாள் கருசக்காட்டில் நாலு மைல் நடந்துபோய், வாங்கினவன் வாசலில் நின்று, “தப்பு என்னுது, கயித்தைத் தாரும்” என்று கேட்டு வாங்கிவந்தார்.

“நீ உன் கயித்தோட குடுத்துருக்க தாயி” என்றேன். அது சிரிக்கவில்லை.

முதலாளியிடமும் தானே போய், தப்பு தன்னுடையது என்று சொல்லிவிட்டது.

5-3-2004

புது சிடி வந்தது. இனி இங்கேயும் செட்டிங்குக்குத் தனி இடம். சிடியில் மாதிரிக்கு ஒரு பைல் மட்டும் வேறு பெயரில் இருக்கும். கடையில் ஏற்கெனவே செட்டிங் பைல் இருந்தால் தொடாது, இல்லாவிட்டால்தான் எடுத்து வைக்கும். நான் நம்பவில்லை. மூன்று தடவை போட்டுக் காட்டச் சொன்னேன். மூன்று தடவையும் கழிவு ஒன்றாகவே இருந்தது.

முதலாளி தானே போய்த் தங்கப்பாண்டியனைக் கூப்பிட்டார்.

11-3-2004, வியாழன்

அவன் வேலைக்கு வந்து நாலு நாள் ஆகிறது. காலையில் சீட்டு அடிக்கும் முன் என்னைக் கூப்பிடுகிறான். நான் எட்டிப் பார்த்து “ஒண்ணு” என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் பட்டனில் விரல் வைக்கிறான். அந்தப் புதுச் செருப்பைக் காணவில்லை, பழசைத்தான் போட்டு வருகிறான். தன்னைப் பற்றி முதலாளியிடம் யார் சொன்னது என்று கேட்கவேயில்லை. தெரியுமோ? முதலாளி சொல்லியிருப்பாரோ?

அய்யா நாலு மைல் நடந்தார். எனக்குத் தராசிலிருந்து அவன் மேசை வரை ஆறு எட்டு எடுத்து வைத்தால் போதும். இன்றைக்கு டீ வேளையில் சொல்லிவிட வேண்டும். எப்படித் தொடங்குவது? தம்பி, அன்னைக்கு முதலாளிகிட்ட போயி —

இந்தா, கூப்பிடுதான். “அண்ணாச்சி, வண்டி வந்துட்டு. ஒண்ணான்னு வந்து பாத்துருங்க.” வாரேன்லே, இந்த வரியை முடிச்சிட்டு வாரேன். முதலாளிகிட்ட போயி உன்னைச் சொன்னது