வெளியே உட்கார்ந்திருந்த ஓட்டு

ஸ்கெல்பி,
நவம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை.

என் அன்பு மகள் ஹெதருக்கு,

அப்பா எழுதறேன். நீயும் மாப்பிள்ளையும் அந்த ரெண்டு வாலுங்களும் சௌக்கியமா இருப்பீங்கன்னு நம்பறேன், நியூசிலாந்துல இப்போ வெயில் ஏற ஆரம்பிச்சிருக்கும், இங்கே கடல் காத்து ஜன்னல் சந்துக்குள்ள புகுந்து ஊளையிடுது. நாங்களும் சௌக்கியம்னு எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரலை கண்ணு. வாராவாரம் போன்ல, அம்மா தூங்கறா, எல்லாம் நல்லாப் போகுது, நீ கவலைப்படாதேன்னு சொல்றேனே, அது அத்தனையும் பொய். உன் குரலைக் கேட்டா எனக்குப் பொய்தான் வருது, அதான் கடிதமா எழுதறேன். கொஞ்சம் உட்கார்ந்து படி, அடுப்புல ஏதாவது இருந்தா அணைச்சுட்டு வா.

நம்ம கவுன்சில் கவிழ்ந்த கதை உனக்குத் தெரியும். கடற்கரையில அந்த ஹோட்டலைக் கட்டறேன்னு இறங்கி, பாதிச் சுவரோட நின்னு, ஊரே கடன்ல முழுகிப் போச்சு, அன்னைக்கு அதுக்குக் கையைத் தூக்கின கவுன்சிலருங்கள்ல உங்கப்பனும் ஒருத்தன், அதை நான் மறைக்கலை. அரசாங்கம் வெளியூர்லேர்ந்து மூணு பேரை அனுப்பிச்சது, கமிஷனர்னு பேரு, இந்த மாதிரி நொடிச்ச கவுன்சில்களைத் தூக்கி நிறுத்திப் பழகினவங்க. ரெண்டு வருஷமா அவங்க தலையாட்டாம நாங்க ஒரு குப்பைத் தொட்டி கூட வாங்க முடியாது. அவங்களுக்குத் தலைவி மிஸஸ் கோய்ல்னு ஒரு அம்மா, அறுபது வயசு இருக்கும், வந்த முதல் நாளே கடற்கரையில நின்னு மீனும் சிப்ஸும் தின்னுக்கிட்டிருந்தப்போ கடற்காகம் வந்து மீனை மொத்தமாப் பிடுங்கிட்டுப் போயிடுச்சு. நம்ம ஊர்ல முறையா வரி வசூல் பண்ணத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்னு நான் சொன்னேன், அந்த அம்மா கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சாங்க. ஊர்ல ஆளாளுக்கு அவங்களைக் கரிச்சுக் கொட்டினாங்க, எனக்கென்னமோ மொதல்லேர்ந்தே அவங்க மேல மரியாதைதான். முதல் கூட்டத்துலயே சொல்லிட்டாங்க, உங்களை எழுப்பி நிறுத்தத்தான் வந்திருக்கேன், உங்களுக்குப் பதிலா நடக்க வரலைன்னு.

அந்தப் பேச்சை அவங்க கடைசி வரைக்கும் காப்பாத்தினதுதான் வினையாப் போச்சு. போன பிப்ரவரியில பட்ஜெட் வந்தப்போ, நீச்சல் குளம், லார்க் ஹவுஸ், ரெண்டுல ஒண்ணைத்தான் நடத்த முடியும், எதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்கன்னு எங்க முன்னால வெச்சுட்டாங்க. லார்க் ஹவுஸ்னா என்னன்னு உனக்கு நான் சொல்லணுமா. அம்மாவுக்கு மறதி வந்த இந்த நாலு வருஷமா செவ்வாய், வியாழன், வெள்ளி மூணு நாளும் அந்தப் பகல் நேரக் காப்பகத்து வேன் வந்து வாசல்ல ஹார்ன் அடிக்கும், அவ நீலக் கோட்டை மாட்டிக்கிட்டு மகாராணி மாதிரி ஏறிப் போவா. அங்கே உருளைக்கிழங்கு தோல் சீவுவா, வின்னின்னு ஒரு சிநேகிதி, ரெண்டு பேரும் பாட்டுப் பாடியே மத்தவங்க உயிரை எடுப்பாங்களாம். அந்த மூணு நாள்தான் நான் கடைக்குப் போவேன், துணி துவைப்பேன், ஒரு மணி நேரம் கண்ணை மூடுவேன். அந்த மூணு நாள் இருந்ததாலதான் மத்த நாலு நாள் அவளை என்னால வீட்ல வெச்சுப் பார்த்துக்க முடிஞ்சது.

இப்போ நான் பண்ணின முட்டாள்தனத்துக்கு வரேன். கவுன்சில்ல ஒரு விதி உண்டு, உனக்கு சொந்த சம்பந்தம் இருக்கிற விஷயம் வந்தா எழுந்து நின்னு அதைச் சொல்லிட்டு வெளியே போயிடணும். இந்த விதியை என்னை விடக் கெட்டியாப் பிடிச்சவன் ஸ்கெல்பியில கிடையாது. நம்ம ரோலண்ட் டிக்கிள், சிப்ஸ் கடைக்காரன், அவன் கடை வாசல் நடைபாதையில பெஞ்ச் போடறது பத்திப் பேச்சு வந்தப்போ, யோவ் எழுந்திரு, வெளியே போன்னு எல்லார் முன்னாலயும் நான்தான் அவனை அனுப்பினேன். எட்டு வருஷமா எனக்கு சிப்ஸ் கட்டிக் கொடுக்கறப்போ எல்லாம், இதுல உனக்கு சம்பந்தம் இருக்கே, நீ வெளியே நில்லுன்னு அவன் என்னைக் குத்திக் காட்டாத நாளே இல்லை. அப்படி இருக்கறப்போ என் பெண்டாட்டி போற இடத்துக்கு நான் எப்படி உள்ளே உட்கார்ந்து கையைத் தூக்குவேன் சொல்லு. அன்னைக்கு சாயங்காலம் எழுந்தேன், என் மனைவி க்ளெண்டா அங்கே போறவ, அதனால நான் வெளியேறறேன்னு சொன்னேன். தாழ்வாரத்துல பழைய மேயருங்க படத்துக்குக் கீழே அந்த நீள பெஞ்ச்ல போய் உட்கார்ந்தேன். கொஞ்சம் பெருமையாக்கூட இருந்துச்சுடீ.

கதவு வழியா எல்லாம் கேட்டுச்சு. ஷீலா ஹாக்ஸ்டன் குளத்துக்காகப் பேசினா, கடலோர ஊர்ல பிள்ளைங்களுக்கு நீச்சல் தெரியலைன்னா நாளைக்கு யார் பதில் சொல்றதுன்னு கேட்டா. நியாயம்தான், அவளை நான் குத்தம் சொல்ல மாட்டேன். அவ பேரன் அங்கே நீந்தறான், உள்ளே இருந்தவங்கள்ல பாதிப் பேரோட பேரன் பேத்தி அங்கேதான் நீந்துது, அது எல்லாருக்கும் பொதுவாம், அதனால யாரும் எழுந்திருக்க வேண்டாமாம். மறதிக்காரி விஷயம் மட்டும் சொந்த சம்பந்தம். அப்புறம் எண்ணினாங்க. நாங்க மொத்தம் இருபத்தொன்பது பேர், நான் வெளியே, உள்ளே பதினாலுக்குப் பதினாலு. சமமா வந்தா மேயர்தான் இன்னொரு தடவை போடணும், அவர் குளத்துக்குப் போட்டார். முடிஞ்சு போச்சு.

முதல்ல வெளியே வந்தது ரோலண்ட். லார்க் ஹவுஸுக்குக் கையைத் தூக்கினவன் அவன். அடப் பைத்தியக்காரா, ஒரே ஒரு கைதான்யா குறைஞ்சுதுன்னு கத்தினான், கத்திட்டு என் பக்கத்துல உட்கார்ந்து தொப்பியால முகத்தை மூடிக்கிட்டான். அப்புறம் மிஸஸ் கோய்ல் வந்தாங்க. மிஸ்டர் பாஷ்லி, நீங்க ஏன் வெளியே இருந்தீங்கன்னு கேட்டாங்க, சொன்னேன். உள்ளேயே இருந்து ஓட்டுப் போட அந்த விதியிலேர்ந்து விலக்குக் கேட்டு ரெண்டு வரி எழுதிக் குடுக்கலையான்னு கேட்டாங்க, உங்க நிலைமைக்கு மறுத்திருக்க மாட்டாங்களே, நீங்க கேட்டிருப்பீங்க, கிடைக்கலை போலன்னுல்ல நான் நினைச்சேன்னு சொன்னாங்க. என்னைத் திட்டலை. கேட்கவே இல்லையான்னு மறுபடி மெதுவாக் கேட்டாங்க, அவ்வளவுதான்.

எனக்கு அப்படி ஒரு வழி இருக்குன்னு தெரியாதுன்னு நினைக்காதே. நல்லாத் தெரியும். மத்தவங்க விலக்குக் கேட்டு எழுதினப்போ எல்லாம் வெட்கங்கெட்டவங்கன்னு மனசுக்குள்ள சொல்லியிருக்கேன். முப்பது வருஷம் பஸ் ஓட்டினேன், ஒருத்தர்கிட்ட ஒரு உதவின்னு வாய் திறந்ததில்லை, அதையே பெரிய யோக்கியதைன்னு நினைச்சுட்டேன். என் யோக்கியதைக்கு உங்கம்மா விலை கொடுத்துட்டா ஹெதர்.

ஜூன்ல லார்க் ஹவுஸை மூடிட்டாங்க. மூடினது அவளுக்கு எப்படிப் புரியும், செவ்வாய், வியாழன், வெள்ளி வந்தா கோட்டை மாட்டிக்கிட்டு வாசல் கேட்டுல போய் நிப்பா. வேன் இன்னைக்கு லேட்டான்னு கேட்பா. நானும் பதில் சொல்லிச் சொல்லி மாளாம, ஒருநாள் அவளைக் கார்ல ஏத்தி வேன் போற வழியிலேயே ஓட்டிக்கிட்டுப் போனேன், சர்ச் முனை, தபால் ஆபீஸ், வின்னி வீடு, ஒவ்வொரு இடத்துலயும் நிறுத்தினேன். லார்க் ஹவுஸ் வாசல்ல விற்பனைக்குன்னு பலகை தொங்குது. அவ கொஞ்ச நேரம் பார்த்துட்டு, இன்னும் யாரும் எழுந்திருக்கலை போல, திரும்பிப் போயிடலாம்னு சொன்னா. அதுக்கப்புறம் கோடை முழுக்க வாரம் மூணு தடவை அதே சுத்துதான். பெட்ரோல் போடற பையன் என்னை ஒரு மாதிரி பார்க்கிறான்.

செப்டம்பர் கடைசியில, நான் குளிச்சுக்கிட்டிருந்தப்போ கதவைத் திறந்துக்கிட்டு அவளே கிளம்பிட்டா. நல்ல மழை. கடற்கரை பஸ் நிழற்குடையில கோட்டும் வீட்டுச் செருப்புமா உட்கார்ந்திருந்தவளை ரொட்டிக் கடைக்காரி பார்த்து ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருக்கா. விழுந்து இடுப்புல அடி, நெஞ்சுல சளி, பதினெட்டு நாள் ஆஸ்பத்திரி. அந்தப் பதினெட்டு நாளும்தான் நான் உங்கிட்ட, அம்மா தூங்கறான்னு சொன்னது. மன்னிச்சுடுன்னு எழுதறதுக்குக்கூட எனக்கு யோக்கியதை இல்லை.

வீட்டுக்குக் கூட்டிட்டு வந்ததும் கவுன்சில்லேர்ந்து டோனான்னு ஒரு பொண்ணு வந்தா, அம்மா இனிமே வீட்ல இருக்கலாமா கூடாதான்னு பார்த்து எழுதறவ. நல்ல பொண்ணுதான். அவங்ககிட்ட தனியாப் பேசணும், நீங்க கொஞ்சம் வெளியே இருக்கீங்களா மிஸ்டர் பாஷ்லின்னு கேட்டா. எனக்குப் பழக்க தோஷம், பாதி எழுந்துட்டேன். அப்புறம் உட்கார்ந்துட்டேன். இல்லைம்மா, நான் போக மாட்டேன், எனக்கு இதுல சம்பந்தம் இருக்கு, அதனாலயே போக மாட்டேன்னு சொல்லிட்டேன். டோனா அம்மாகிட்ட, இவர் யாருன்னு தெரியுதான்னு கேட்டா. உங்கம்மா என்னை மேலயும் கீழயும் பார்த்துட்டு, தெரியுமே, பஸ் டிரைவர், நல்ல மனுஷன், நான் ஓடி வர்றதைப் பார்த்தா நிறுத்தி வெச்சிருப்பார்னு சொன்னா. அது நிஜம்தான், நாங்க அப்படித்தான் பழகினோம், அவ பத்தொன்பது வயசுல டைப்பிஸ்ட் வேலைக்குப் போறப்போ தினம் லேட்டா வருவா, நான் அவளுக்காக நிறுத்தி வெச்சு டிக்கெட் இன்ஸ்பெக்டர்கிட்ட திட்டு வாங்கியிருக்கேன். என் பேர் போச்சு, கல்யாணம் போச்சு, நீ போயிட்டே, அது மட்டும் அவகிட்ட தங்கியிருக்கு. டோனாவும் அழுதா, நானும் அழுதேன், உங்கம்மா எங்க ரெண்டு பேருக்கும் பிஸ்கட் எடுத்துக் கொடுத்தா.

ஆனா முடிவு முடிவுதான். பகல்ல பார்த்துக்க ஒரு இடம் இருந்தா வீட்லயே விட்டிருப்பேன்னு டோனா சொன்னா. வெல்ஹாம்ல ஒரு இல்லம், இங்கேர்ந்து ரெண்டு பஸ் மாறணும், டிசம்பர் ஒண்ணாம் தேதி திங்கட்கிழமை கொண்டு போய் விடணும். அதுக்கப்புறம் அவ இந்த வீட்டுக்குத் திரும்ப மாட்டா. கவுன்சிலர் பதவியை நான் விட்டுட்டேன். மிஸஸ் கோய்ல் ஒரு கேக் டப்பாவோட வீட்டுக்கு வந்தாங்க, ரொம்ப நேரம் அம்மாகூட உட்கார்ந்து உருளைக்கிழங்கு தோல் சீவினாங்க. போறப்போ, ரெண்டு வருஷத்துல ஊரைக் கொஞ்சம் நிமிர்த்திட்டோம் மிஸ்டர் பாஷ்லின்னு சொன்னாங்க, ஆமாம்னு சொன்னேன், அதுவும் உண்மைதான்.

பிள்ளைங்களை நல்லாப் பார்த்துக்கோ, அவங்களை நீச்சல் வகுப்புக்கு ஒழுங்கா அனுப்பு, நான் இந்தக் கதையெல்லாம் சொன்னேன்னு நிறுத்திடாதே. மாப்பிள்ளை முதுகு வலிக்கு வெந்நீர் ஒத்தடம் போதும், மாத்திரையை அள்ளிப் போட வேண்டாம்னு சொல்லு. கடவுள் உங்க நாலு பேரையும் ஒரு குறையும் இல்லாம வெச்சிருக்கட்டும், நீ நினைச்சது எல்லாம் உனக்குக் கைகூடட்டும்.

ஜூன்ல நீ கிளம்பி வரேன்னு சொன்னப்போ, வேண்டாம், பிள்ளைங்க படிப்பு கெடும், எனக்கு யாரும் தேவையில்லைன்னு சொன்னேன். இத்தனை பக்கம் எழுதினது கடைசியில இந்த ரெண்டு வரியைக் கேட்கத்தான்.

ஒண்ணாம் தேதிக்கு முன்னால வந்துடு ஹெதர்.
என்னால தனியா அவளைக் கொண்டு போய் விட முடியாது.

மறந்துடாதே, தபால் கைக்கு வந்ததும் போன் பண்ணு, இந்தத் தடவை நான் உண்மையைத்தான் சொல்வேன்.

உன் அப்பா,
நெவில் பாஷ்லி