கை என்னுடையது, ஐ-டி காக்காவுடையது

12 ஜனவரி 2025, ஞாயிறு

நெருளிலிருந்து தாராவிக்குப் பெண் வீட்டார் வந்து தேதி முடித்துவிட்டுப் போனார்கள். பிப்ரவரி இரண்டாம் தேதி என் அண்ணன் ராஹில் காக்காவுக்கும் சாயிமாவுக்கும் நிக்காஹ். தங்கச்சிக்காரி சந்தோஷப்பட வேண்டிய நாள். எனக்கோ பற்றிக்கொண்டு வருகிறது.

சாயிமாவின் தம்பி ஜீஷான் நெருள் ஸ்டேஷன் பக்கம் கேமிங் கடை நடத்துகிறான். பேச்சு எங்கெங்கோ சுற்றிவிட்டுக் 'கெல்வார்' ஆட்டத்துக்கு வந்தது. "மச்சான், அதுல நீங்க டைமண்ட் ரேங்க்னு சொன்னாஹ. நெசமாவா?" என்று கேட்டான்.

காக்கா காலரைத் தூக்கிவிடாத குறைதான். "ஆமாப்பா. ரெண்டு வருசமா தனியா ஒக்காந்து ஏத்துனது" என்றான்.

தனியாவாம்.

நான் சமோசாத் தட்டோடு அங்கேயேதான் நின்றேன். தட்டை வைத்த வேகத்தில் சட்னி தெறித்து வாப்பாவின் வெள்ளைச் சட்டையில் விழுந்தது. உம்மா என்னை முறைத்தாள். முறைக்க வேண்டிய ஆள் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான்.

15 ஜனவரி, புதன்

மூன்றாம் மனிதருக்குச் சொல்வதுபோல எழுதிப் பார்க்கிறேன். அப்போதாவது என் பக்கம் நியாயம் இருக்கிறதா என்று தெரியும்.

கெல்வார் என்பது கம்ப்யூட்டரில் ஆடும் ஐந்து துப்பாக்கி விளையாட்டுகள் சேர்ந்த ஒரே தொகுப்பு. கெல்வார் என்கிற கிரகத்தில் மனிதர்கள் போய் இறங்குவதில் தொடங்குகிறது. முதல் நாலும் கதை. ஐந்தாவதில் அந்தக் கிரகத்தின் நிலவில், பாழடைந்த சுரங்கத்துக்குள், நாலு பேரும் நாலு பேரும் மோதிக்கொள்ள வேண்டும். ரேங்க் அதில்தான், உச்சியில் இருப்பது டைமண்ட். அங்கே சுடுகிற ஒவ்வொரு குண்டும் நம் முதுகுச் சிலிண்டரில் இருக்கும் காற்றைத் தின்னும். கண்டபடி சுட்டால் மூச்சு முட்டிச் சாக வேண்டியதுதான். எப்போது சுடக்கூடாது என்று தெரிந்தவர்தான் ஜெயிப்பார். எனக்குத் தெரியும். காக்காவுக்குப் பஸ்ஸுக்குக் காத்திருக்கவே பொறுமை கிடையாது.

பெல்ட் கடைக்குப் பில் போட வாப்பா வாங்கிய கம்ப்யூட்டர் மேலே, ஏணி வைத்து ஏறும் பலகைப் பரணில், மாலாவில், இருக்கிறது. அங்கே உட்கார்ந்து நான் மவுஸைப் பிடிப்பேன். காக்கா பக்கத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அணிக்காரர்களிடம் பேசுவான். ஏனென்றால், "பொம்பளப்புள்ள கொரலு கண்டவன் காதுல போவாண்டாம்" என்பது உம்மாவின் சட்டம். அதனால் கை என்னுடையது, வாய் அவனுடையது. நான் முணுமுணுப்பதை அவன் இந்தியில் உரக்கச் சொல்வான். கூடக் கொஞ்சம் சொந்தச் சரக்கும் சேர்ப்பான், அது பூராவும் கெட்ட வார்த்தை.

தொகுப்பை வாங்கியது இரண்டு பேரும்தான், பெருநாள் காசைப் போட்டு. அன்றைக்கு என் போன் ரிப்பேர். ஓ.டி.பி. வர ஒரு நம்பர் வேண்டுமே என்று அவன் நம்பரைப் போட்டோம். ஐ-டியும் அவன் பெயரில் ஆயிற்று. யாருக்கு அப்போது தோன்றியது?

19 ஜனவரி

சொந்த ஊரான காயலின் வழக்கப்படி எங்களில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். காக்கா நெருளுக்குப் போகிறான். போகும்போது ஐ-டியையும் எடுத்துக்கொண்டு போகிறானாம். ஒருவர் உள்ளே இருந்தால் இன்னொருவர் ஆட முடியாது.

"அப்ப நான்?" என்று கேட்டேன்.

"ஐ-டி என் பேர்லதானே புள்ளெ இருக்கு. ஜீஷான்கிட்ட வேற சொல்லியாச்சு. டென்ஷன் பண்ணாத."

டென்ஷன் பண்ணாதேயாம். உம்மாவிடம் போனேன். "மாப்பிள்ள போறவன் வெறுங்கையோடயா போவான்? விட்டுக் குடேன்" என்றாள். என் ரேங்க் இவர்களுக்கு சீர்வரிசை.

கடைசியில் வாப்பா பஞ்சாயத்துக்கு உட்கார்ந்தார்கள். கடைத்தெருவில் ஜெயினுலாப்தீன் பாய் தீர்ப்புச் சொன்னால் நாலு பேர் கேட்பார்கள், அந்த நினைப்பு. "அஞ்சு ஆட்டம்ல? ஆம்பளப்புள்ளைக்கு ரெண்டு பங்கு, பொம்பளப்புள்ளைக்கு ஒண்ணு. மூணு அவனுக்கு, ரெண்டு ஒனக்கு. வாப்பா கணக்குல ஒனக்குக் கொஞ்சம் கூடத்தான்."

அது ஒரே கட்டு, பிரிக்க வராது என்று விளக்கினேன். வாப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பிரிக்க முடியாத சொத்த எதுக்குக் கூட்டா வாங்குனிய?"



24 ஜனவரி

பாஸ்வேர்டை மாற்றிவிட்டான். சொல்லக்கூட இல்லை.

2 பிப்ரவரி, ஞாயிறு

நிக்காஹ் முடிந்தது. பெட்டியோடு காக்கா படி இறங்கியபோது உம்மா அழுதாள், வாப்பா மூக்கை உறிஞ்சினார்கள். நான் அழவில்லை. மாமி ஒருத்தி என் தாடையைப் பிடித்து, "ஒனக்கென்ன, வழக்கப்படி இந்த வூடே ஒனக்குத்தானே வரும். சிரிச்ச மொகமா இரு" என்றாள்.

தாராவியில் ஒன்றரை ரூமும் ஒரு மாலாவும். எனக்கு வீடு வேண்டாம். டைமண்டைக் கொடுங்கள் போதும் என்று சொன்னால் நகைக்கு அழுகிறேன் என்று நினைப்பார்கள். ஆகவே பிரியாணி சாப்பிட்டேன்.

13 பிப்ரவரி

மாட்டுங்காவில், நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில், கஸ்டமருக்கு பிரேம் மாட்டிக்கொண்டிருந்தபோது காக்கா போன் செய்தான். குரலில் தேன்.

கேமிங் கடைகளுக்கு இடையே கெல்வார் போட்டி வைக்கிறார்கள். ஜீஷான் தன் அணிக்கு இவனைக் கேப்டன் ஆக்கிவிட்டான். ஜெயித்தால் அந்தக் கடையின் அணியைப் பார்த்துக்கொள்ளும் வேலை, சம்பளத்தோடு. பெல்ட் கடைக்கு முழுக்குப் போட்டுவிடலாம். முதல் சுற்றை அவரவர் இருக்கும் இடத்திலிருந்து ஆடலாமாம்.

"ஞாயித்துக்கிழம சாயிமாவக் கூட்டிட்டு வூட்டுக்கு வரேன். பழைய மாதிரியே மாலாவுல ஒக்காந்து முடிச்சுருவோம்."

பழைய மாதிரியே. எவ்வளவு லேசாகச் சொல்கிறான். போனை வைத்துவிட்டேன். கஸ்டமர் பிரேம் இறுக்குகிறது என்றார். நான்தான் இறுக்கியிருந்தேன்.

16 பிப்ரவரி, ஞாயிறு

ஆடினேன்.

ஏன் ஆடினாய் என்று என்னையே கேட்டால் இன்னும் கோபம் வருகிறது. மூன்று வாரமாக விரல் அரித்துக்கொண்டிருந்தது. திரையில் அந்தச் சுரங்கத்தின் கதவு திறந்ததும் ரோஷம் எங்கேயோ போய்விட்டது. ஜெயித்தோம். ஹெட்போனில் ஜீஷான், "மச்சான், என்ன கை மச்சான் ஒங்க கை" என்றது எனக்கே கேட்டது. காக்கா என் பக்கம் திரும்பாமல், "பழக்கம்தான்பா" என்றான்.

அப்போதுதான் கவனித்தேன். ஏணியில் பாதி ஏறி, கையில் ஃபலூதாவோடு, சாயிமா மைனி நின்றிருந்தாள். மவுஸில் இருந்த என் கையைப் பார்த்தாள். காக்காவின் வாயைப் பார்த்தாள். ஃபலூதாவைப் பலகையில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள்.

20 பிப்ரவரி

இறுதிச் சுற்று நெருள் கடையிலேயே, எல்லார் முன்னாலும் ஆட வேண்டும்.

காக்கா திட்டம் போட்டிருக்கிறான். வலது கையில் கட்டுப் போட்டுக்கொள்வானாம். பாத்ரூமில் வழுக்கிவிட்டதாம். "தங்கச்சி ஜுவைரியாவுக்குக் கொஞ்சம் ஆடத் தெரியும். நான் பின்னால நின்னு சொல்லச் சொல்ல அவ அமுக்குவா"ன்னு ஜீஷான்கிட்ட சொல்லி சம்மதமும் வாங்கிட்டானாம். சம்பந்தி வீட்டுக் கடைதானே என்று உம்மாவும் சரின்னுட்டா.

சொல்லச் சொல்ல அமுக்குவாளாம்! நான் என்ன லிஃப்ட் பட்டனா அமுக்குறேன்? இவன் யாரு எனக்குச் சொல்ல? ரெண்டு வருசத்துல ஒருநாள் மவுஸத் தொட்டிருப்பானா?

போகிறேன். அவன் சொல்வதை எல்லாம் கேட்கிறேன்.

23 பிப்ரவரி, ஞாயிறு

குர்லாவில் வண்டி மாறி நெருளுக்குப் போனோம். கடை நிறையப் பையன்கள். நான் உட்கார்ந்ததும் சலசலப்பு. காக்கா கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்து, போரில் அடிபட்டவன் மாதிரி நின்றான். மூன்று ஆட்டத்தில் இரண்டு ஜெயித்தவர்களுக்குப் பரிசு.

முதல் ஆட்டம் தொடங்கியதுமே பின்னாலிருந்து கத்த ஆரம்பித்தான். "அந்தா நிக்கிறான், போடு. போடு புள்ளெ, போடு, போடு." மாலாவிலும் இப்படித்தான் கத்துவான். நான் காதில் வாங்கியதே இல்லை. இன்று வாங்கினேன். போடு என்றபோதெல்லாம் போட்டேன். ஓடு என்றால் ஓடினேன். வெட்டவெளியில் போய் நில் என்றான், நின்றேன். ஒன்றுகூட விடாமல் சொன்ன சொல் தட்டாத தங்கச்சியாக ஆடினேன். காற்று தீர்ந்து செத்தேன். மறுபடி வந்தேன், மறுபடி செத்தேன். ஜீஷானுக்கும் கூட ஆடிய இரண்டு பையன்களுக்கும் பாவம்தான். கண்றாவியாகத் தோற்றோம்.

"என்ன புள்ளெ இது" என்றான் காக்கா.

"நீ சொன்னதத்தான் காக்கா செஞ்சேன். வேற ஏதாச்சும் செஞ்சேனா, சொல்லு."

அவன் வாயைத் திறப்பதற்குள், சுவரோரம் நின்ற சாயிமா மைனி சொன்னாள்: "நீங்க கொஞ்சம் சும்மா இருங்களேன். அவள ஆட விடுங்க."

நான் ஹெட்போனை எடுத்து முக்காட்டின் மேலேயே மாட்டிக்கொண்டேன். மைக்கில் என் குரல் போவது அதுதான் முதல் தடவை. "ஜீஷான், எடப்பக்கம் போகாதீங்க. நான் சொல்றவரைக்கும் யாரும் சுடக்கூடாது" என்றேன். மற்ற இரண்டு பேருக்கும் அதையே இந்தியில் சொன்னேன். கேட்டார்கள். காத்திருந்தோம். எதிரிகள் சுட்டுச் சுட்டு மூச்சு வாங்கிய பிறகு எழுந்தோம். இரண்டாவது எங்களுக்கு. மூன்றாவதும் எங்களுக்கு.

எல்லாரும் கை தட்டினார்கள். ஜீஷான் என்னையே பார்த்தான். ஏதோ கேட்க வந்தான். அதற்குள் காக்கா குறுக்கே வந்து, "பாத்தியா ஜீஷான், எப்படிப் பழக்கி வச்சிருக்கேன் தங்கச்சிய" என்றான். ஜீஷான் சந்தோஷத்தில் அவனுடைய கட்டுப்போட்ட கையைப் பிடித்து உலுக்கினான். வலிக்கிற மாதிரி நடிக்கக்கூட அந்த மனிதன் மறந்துவிட்டான்.

நான் பழக்கின குரங்கா?

அவர்கள் வீட்டுக்குப் போனதும் மைனி என்னை அடுப்படிக்குக் கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்தாள். "எனக்குத் தெரியும். அன்னைக்கே பாத்துட்டேன். ஆனா நான் சொன்னா அது வேற மாதிரி ஆயிரும். அவஹளே அவஹ வாயால சொல்லணும்."

"சொல்லாட்டி?"

"எனக்கும் கோவம்தான்" என்றாள்.

25 பிப்ரவரி

அதே தொகுப்பை மறுபடி வாங்கினேன். என் சம்பளம், என் நம்பர், என் பெயர். ஜுவைரியா. அடிமட்ட ரேங்க். எல்லாம் முதலிலிருந்து.

உம்மா ஏணிக்குக் கீழே நின்று, "சம்பந்தி வூட்டு ஆளுவ முன்னாலயே பேசிட்டியாமே" என்றாள். ஆமாம் என்றேன். "இனிமே என்னத்தப் பொத்தி வைக்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

8 மார்ச்

நோன்பு. வேலை விட்டு வந்து, நோன்பு திறக்கும் வரை ஆடுகிறேன். காலியான வயிறும் கோபமும் சேர்ந்தால் குறி தப்புவதே இல்லை.

மைனி போனில் சொன்னாள். காக்காவுக்கு அந்த வேலை கிடைத்துவிட்டது. இப்போது ஜீஷான் அணியோடு அவன்தான் ஆட வேண்டும், கையில் போட்ட கட்டையும் அவிழ்த்தாயிற்று. "டெய்லி ஆடுறாஹ, டெய்லி தோக்குறாஹ. ரேங்க் சரசரன்னு எறங்குது. கேட்டா நெட் சரியில்லங்குறாஹ."

போனை வைத்ததும் அவனிடமிருந்து மெசேஜ். 'ஒரு தடவ மட்டும் வந்து ஏத்திக் குடு.' தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தான். அவனுக்கு வேறு எப்படியும் வராது. நான் பதில் போடவில்லை. இறங்கட்டும்.

31 மார்ச்

பெருநாள். காக்காவும் மைனியும் வந்தார்கள். இரண்டு தட்டு பிரியாணி சாப்பிட்டான். ரேங்க்கைப்பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் முகம் கொடுக்கவில்லை. அவன் முகம் மட்டும் இளைத்திருந்தது.

6 ஏப்ரல், ஞாயிறு

சம ரேங்க் உள்ளவர்களைத்தான் ஆட்டம் மோதவிடும். நான் ஏறிக்கொண்டிருந்தேன், அவன் இறங்கிக்கொண்டிருந்தான். இன்று சாயங்காலம் எதிரணியில் அந்த ஐ-டியைப் பார்த்தேன். ஜீஷானும் கூட இருந்தான். என் பெயர் அவர்களுக்கும் தெரிந்திருக்கும்.

கருணை காட்டவில்லை. முதலில் காக்காவைச் சுரங்க லிஃப்ட் வாசலில் சுட்டேன். பிறகு குழாய்களுக்கு நடுவில். பிறகு அவன் பதுங்கியிருந்த அதே குழாய்களுக்கு நடுவில், இன்னொரு முறை. ஒவ்வொன்றும் ஒரே குண்டு. இரண்டு அணியிலும் ஒருவர் பேசுவதை மற்றவர் கேட்கலாம். அவன் அணியில் ஒரு பையன் எரிச்சலாகி இந்தியில் கேட்டான், யார் இந்த ஜுவைரியா, ஹேக்கரா என்று.

பிறகு காக்காவின் குரல் வந்தது. அவனும் இந்தியில்தான் சொன்னான். "ஹேக்கர் இல்ல. என் தங்கச்சி. இந்த ஐ-டிய டைமண்டுக்கு ஏத்துனதும் அவதான். போட்டியில ஜெயிச்சதும் அவதான். என் கையில அடியே படல. நான் சும்மா பேசிக்கிட்டு இருந்தவன்." கடைசியில் ஜீஷானுக்காகத் தமிழிலும் ஒரு தடவை சொன்னான்.

ஜீஷான் "மச்சான்" என்று இழுத்தது கேட்டது. அந்த வேலை இனி அவனுக்கு இருக்குமோ இருக்காதோ. அது தெரிந்துதானே சொல்லியிருக்கிறான்.

என் கண் கலங்கிவிட்டது, திரை மங்கியது. மன்னிப்பு என்று அவன் கேட்கவில்லை. பரவாயில்லை என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. ஆட்டம் இன்னும் முடிந்திருக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், காக்கா தூணுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, சுடாமல் நின்றான்.

சுட்டேன்.