அழித்த நீலம்

ஐப்பசி 12, செவ்வாய்.

யுரேனியம் விலை ஏறிவிட்டதாம். வெளிநாட்டில் மூடிக்கிடந்த சுரங்கம் ஒன்றைப் பெரிதாக்கித் திறக்க, அதன் அனுமதியைத் திருத்துகிறார்கள். அதற்கான வரைபடத்தை மதுரையில் உட்கார்ந்து நான் வரைகிறேன். கழிவுக்கல் கொட்டப்போகும் பள்ளத்துக்கு, நீர்நிலை என்று காட்ட நீலம் அடித்திருந்தேன்.

மேலாளர் பாண்டியண்ணன் சிரித்தார். "பாலைவனத்துல ஏதும்மா தண்ணி?"

"ஓடை வந்து சேர்ற தடம் தெரியுதுண்ணே. வத்துனாலும் கம்மா கம்மாதானே?"

"அவங்க அதைக் கேக்கல. அழிச்சிரு. காலையில பத்து மணிக்கு அனுப்பணும்."

அழித்துவிட்டேன்.

சாயங்காலம் ஒத்தக்கடையில் பஸ்ஸை விட்டு இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு எங்கள் தெருவுக்குள் நடந்தேன். போன வாரத்து மழை இன்னும் முழங்கால் அளவு நிற்கிறது. எங்கள் மனையின் வரைபடத்திலும் யாரோ நீலத்தை அழித்திருக்கிறார். நல்ல மனுசராகத்தான் இருந்திருப்பார்.

நாளை எட்டு மணிக்கே அலுவலகத்தில் இருக்க வேண்டும். கோப்பு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.