உப்பில்லாத சமையல்

மார்ச் 3

காலையில் கடையில் மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் அறுக்கும்போது இரண்டு உடைந்தன. முதலாளி தானே சில்லுகளைக் கூட்டி அள்ளினார். அண்ணன் போய்ப் பன்னிரண்டு நாள்தான் ஆகிறது என்று அவருக்குத் தெரியும்.

சாயங்காலம் அவன் வீட்டைக் காலி செய்தேன். அண்ணி இறந்தபிறகு அடுப்பே மூட்டவில்லை போலிருக்கிறது. அலமாரி முழுக்க சிப்ஸ், பிஸ்கட், நூடுல்ஸ். ஐம்பத்திரண்டு வயதில் மாரடைப்பு வராமல் என்ன செய்யும்? நாய்க்கும் அதையேதான் போட்டிருக்கிறான்.

நாய் என்னோடு வந்துவிட்டது. பெயர் குண்டன்.

மார்ச் 5

என் மாடி வீட்டுக்கு ஏறச் சொன்னால் மூன்றாம் படியிலேயே உட்கார்ந்துகொள்கிறது. நானும் பக்கத்து வீட்டுக்காரரும் போர்வையில் வைத்து மாடிக்குத் தூக்கினோம். காதில் நாற்றம். முதுகில் முடி கொட்டித் திட்டுத் திட்டாகத் தோல்.

மார்ச் 6

கால்நடை மருத்துவர் எடை பார்த்தார். முப்பத்தொரு கிலோ. இருபத்திரண்டு இருந்தால் போதுமாம்.

“பாக்கெட் தீவனம் எல்லாமே கெடுதல்னு நான் சொல்லலம்மா. இவனுக்கு அதுகூடக் கிடைக்கல, வெறும் நொறுக்குத் தீனிதான். வீட்டுலயே செய்ய முடியுமா?”

எலும்பில்லாத கோழி, பூசணி, கேரட், பீன்ஸ், கொஞ்சம் சோறு. வேகவைத்தது மட்டும். உப்பு கூடாது, வெங்காயம் கூடவே கூடாது. சுண்ணாம்புச்சத்துப் பொடி அளந்து கலக்க வேண்டும். காதுக்குச் சொட்டு மருந்து.

மார்ச் 8

இரண்டு நாளாக முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்தே உட்கார்ந்திருக்கிறது. வரமாட்டான்டா. சாப்பிடுடா.

மார்ச் 9

தட்டை நக்கிவிட்டது.

ஏப்ரல் 2

இருபத்தொன்பதே கால். காதில் நாற்றம் இல்லை. திட்டுகளில் பூனைமயிர் மாதிரி முடி அரும்புகிறது. மருத்துவர், “நல்ல கை உங்களுக்கு” என்றார். சந்தோஷப்பட வேண்டியவள் வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தேன்.

எழுதிவிடுகிறேன். போன மழைக்காலத்தில் அண்ணன், அப்போது இன்னும் படி ஏறிக்கொண்டிருந்த இந்த நாயோடு வந்து கதவைத் தட்டினான். மூன்று வருஷம் பேசாமல் இருந்தோம். “குட்டி, ஒருவாய் சோறு போடு, போயிடறேன்” என்றான். அம்மா சாவுக்கு வராதவனுக்கு என்ன சோறுன்னு உள்ளேயே நின்னேன். திறக்கல. நாய் கதவைப் பிறாண்டுச்சு. அப்புறம் ரெண்டு பேரும் படி இறங்கற சத்தம்.

அவனுக்குப் போடாத கைதானே இது? இப்ப அவன் நாய்க்குப் பூசணி நறுக்குது.

மே 18

இருபத்தாறரை. பதினேழு படியும் ஏறிவிட்டான், யாரும் தூக்காமல். மேலே நின்று என்னைத் திரும்பிப் பார்த்தான்.

ஜூன் 1

அண்ணன் மகள் வந்தாள். விடுதியில் தங்கி வேலைக்குப் போகிறவள். குண்டன் ஓடிப்போய் அவள்மேல் தாவினான்.

“எங்கப்பா நாயா இது!” என்று சிரித்தாள். அப்புறம் அடுப்பில் கொதிக்கும் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்பாவுக்கும் யாராவது இப்படிப் பாத்துப் பாத்துச் செஞ்சிருக்கலாம் இல்ல, அத்தை?”

குத்திக் காட்டவில்லை. சும்மா கேட்டாள். அதுதான் தாங்கவில்லை. கதவைத் திறக்காததைச் சொல்லிவிட்டேன்.

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். காபி ஆறிப்போனது.

ஜூன் 2

குண்டன் சாப்பிட்டான். நான் சாப்பிடவில்லை.

ஜூன் 11

அவளைப் போனில் இரண்டு தடவை கூப்பிட்டேன். எடுக்கவில்லை. எடுத்தால் மட்டும் என்ன சொல்வேன்?

ஜூன் 23

அவளே கூப்பிட்டாள். அலுவலகத்தில் எல்லோருக்கும் ரத்தம் பார்த்தார்களாம். இருபத்து நாலு வயதில் சர்க்கரை எல்லையைத் தொட்டுவிட்டதாம். தினமும் என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டேன். சிப்ஸ், பிஸ்கட், நூடுல்ஸ் என்றாள். அண்ணன் அலமாரியில் பார்த்ததேதான்.



“உங்கள இன்னும் மன்னிக்கல அத்தை” என்றாள்.

“வேண்டாம்மா” என்றேன்.

“மத்தியானச் சாப்பாடு மட்டும் கட்டித் தரமுடியுமா? வேலைக்குப் போற வழியில வந்து வாங்கிக்கறேன்.”

பீன்ஸ் பிடிக்காதாம். அண்ணனுக்கு என்ன பிடிக்காது என்று யோசித்துப் பார்த்தேன். நினைவில் இல்லை.

நாளைக்குப் புடலங்காய்.