மூன்றாவது பாட்டில்

6 பிப்ரவரி 2024, செவ்வாய்
மகள் சுஜிதாவின் மூன்று பாட்டில்களையும் இன்றும் படமெடுத்து அஸ்வினுக்கு அனுப்பினேன். அவன் அவளோடு எண்ணெய்க் கிணற்று ஆராய்ச்சியில் இருந்தவன். அவளை அடக்கம் செய்த மறுநாளும் அனுப்பினேன். ஒப்புக்கொண்ட வேலையைப் பாதியில் விடுவது என் வீட்டில் வழக்கமில்லை.

முதல் இரண்டும் கலங்கிவிட்டன. மூன்றாவது தெளிவு.

9 பிப்ரவரி, வெள்ளி
நோயோடு வீட்டுக்கு வந்தவள் துணிமணிக்கு முன்னால் இந்தப் பாட்டில்களைத்தான் பெட்டியிலிருந்து எடுத்தாள். வெளிச்சம் நன்றாக விழுகிறதென்று மாதா சுரூபத்தின் பக்கத்தில் வைத்தாள். மாதாவுக்குப் பக்கத்தில் மணல்பொடியா என்றேன்.

"பழைய கிணத்துல பாதிக்கு மேல எண்ணெய் பாறையிலயே ஒட்டிக்கிட்டு நிக்குது மம்மி. இந்த நானோத் துகள் இடுக்குல புகுந்து அதைப் பெயர்த்து வெளிய தள்ளும்."

ஆனால் உப்பு நீர் பட்டால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பாறையையே அடைத்துவிடுமாம். அதற்காகத் துகளுக்கு ஒரு மேல்பூச்சு. மூன்று விதப் பூச்சு; எங்கள் தீவின் ஜங்லிகாட் கடல்நீரை எடுத்து வந்து அவளே கலந்த மூன்று பாட்டில். ஈஸ்டர் வரை ஒன்றாவது கலங்காமல் நின்றால் கிணற்றில் இறக்குவார்கள். இல்லையென்றால் கிணற்றை மூடிவிடுவார்கள்.

"எனக்கு முடியலைன்னா நீங்க பாத்துக்கோங்க மம்மி." வேறு எதையும் அவள் என்னிடம் கேட்கவில்லை.

14 பிப்ரவரி, விபூதிப் புதன்
தெளிவு.

24 பிப்ரவரி, சனி
முப்பதாம் நாள் பூசை முடிந்து எல்லோரும் வீட்டுக்கு வந்தார்கள். நான் காபி கலக்கப் போன நேரம், லாங் ஐலண்டிலிருந்து போட்டில் வந்திருந்த நாத்தனார் அமுதம் மூன்றாவது பாட்டிலைத் திறந்து வீடெங்கும் தெளித்துவிட்டாள். கட்டில், தலையணை, சுஜிதாவின் படம் — ஒரு சொட்டு மிச்சமில்லை.

"தீர்த்தம்னுல்லா நெனச்சேன் மதினி! அவ்ளோ தெளிவா இருந்துச்சே!"

முட்டாள் என்று கத்தினேன், அத்தனை பேர் முன்னால். கல்லறையில்கூட அழாதவள் அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஐயோ, என் பிள்ளை ஒண்ணே ஒண்ணுதானே பாத்துக்கச் சொன்னா. அதைக்கூடக் காப்பாத்த முடியலையே எனக்கு.

25 பிப்ரவரி, ஞாயிறு
அஸ்வினிடம் ஃபோனில் சொன்னேன்.

"கடைசில அடியில ஏதாச்சும் படிஞ்சிருந்துச்சா ஆன்ட்டி?"

தீர்த்தமென்று நினைத்துத் தெளித்திருக்கிறாள், நீயே யோசித்துக்கொள் என்றேன்.

சிரித்தான். பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம். "அதே பூச்சுல இங்க புதுசாக் கலந்து வைக்கிறேன். ஆனா... அக்கா கையால கலந்ததுல தெளிவா நின்னது அது ஒண்ணுதான்."

தெரியும் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

2 நவம்பர், சனி, கல்லறைத் திருநாள்
கிணற்றை மூடவில்லை; அந்த மூன்றாவது பூச்சுத் துகளை இறக்கினார்கள். எண்ணெய் முன்பைவிடக் கூடுதலாக வருகிறதென்று அஸ்வின் காலையில் சொன்னான். கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றும்போது அவளிடம் சொன்னேன்.

அமுதமும் வந்திருந்தாள். திரும்பி வந்ததும் சுஜிதாவின் படத்தருகே போனாள். "என்ன மதினி, கண்ணாடியெல்லாம் ஒரே வெள்ளைப் புள்ளி. உங்க வீட்டுலயா இப்படி? இந்தத் துணியால தொடச்சு சாஃப் பண்ணிரட்டா?"

என் வீட்டுக் கண்ணாடியில் ஒரு விரல் ரேகை நின்றதில்லை.

கையை எடு என்றேன். துணியை வாங்கி மடித்து வைத்தேன்.